காலடியில் ஒரு பெட்டி

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்ட ஒரு மணல் துகள் தரையில் உரசினாலே போதும், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இரும்புக் கருவிக்கும் இடமில்லை. மரம், பித்தளை, அலுமினியம் மாதிரி பொறி பறக்காத பொருள்தான். அந்த ஊர்களில் பாதத்துக்கு அவ்வளவு மரியாதை.

பாதத்தைப் பற்றி அதே அளவு கவலைப்படும் இன்னொரு ஆள் ரேஸ் கார் ஓட்டுகிறவர். அவர் போடும் ஷூவின் அடிப்பாகம் மெல்லிசாக இருக்கும். தடித்த ஷூ போட்டால் பிரேக் பெடலில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பது காலுக்குத் தெரியாது. சக்கரம் உருளுகிறதா, பூட்டிக்கொண்டு வழுக்குகிறதா என்ற சேதி முதலில் வந்து சேருவது அவருடைய உள்ளங்காலுக்குத்தான்.

அந்தக் கால் போய் நிற்கிற இடத்துக்குப் பெயர் பெடல் பாக்ஸ். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என மூன்று பெடல்களையும், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் ஓர் உலோகச் சட்டம். சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவரைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது என்ன என்ஜின், எவ்வளவு வேகம், எவ்வளவு செலவு என்றுதான். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பெடலைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆனால் அந்தக் காரில் உட்காருகிறவரின் உயிர் தொங்கிக்கொண்டிருப்பது அங்கேதான். இந்த வாரம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம்.

கடையில் கிடைக்கும் பழைய காரின் பெடலைக் கழற்றி மாட்டினால் ஆகாதா? ஆகாது என்பதற்குக் காரணம் உட்காரும் விதம். சாதாரணக் காரில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்காருகிறோம். பெடல்கள் மேலிருந்து தொங்குகின்றன. ஸ்போர்ட்ஸ் காரில் பாயில் உட்கார்ந்து காலை நீட்டின மாதிரி உட்கார வேண்டும். கால்கள் போகும் இடமோ ஒரு குறுகலான சந்து. மூன்று பெடல்களுக்கும் சேர்த்து ஓரடி அகலம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதனால் பெடல்கள் தரையிலிருந்து மேல்நோக்கி நிற்கும்படி அமைக்கிறார்கள். சாதாரணக் காரில் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் என்ற பெரிய டப்பாவுக்கு இங்கே இடமிருக்காது. அந்த உதவி போய்விட்டால், காலின் பலத்தைக் கணக்குப் போட்டுத்தான் பெருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படிக் கார் கட்டுவதற்குத் தலைநகரம் என்றால் கோயம்புத்தூர். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் பிற்பகுதியில், வீதியில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வசதியில்லாத பையன்களும் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 2005ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆன நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அவர் பெயர் இருக்கிறது. இப்போது ஃபார்முலா பாரத் என்ற போட்டிக்காக, நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருவதும் அங்கேதான். அந்தக் கார்கள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு மாணவர் பெடல் பாக்ஸ் வரைந்து, வெட்டி, துளை போட்டுச் செய்திருப்பார்.

அவர் போடும் முதல் கணக்கு நெம்புகோல் கணக்கு. கடப்பாரையால் கல்லைப் புரட்டிய எவருக்கும் தெரிந்ததுதான். பெடல் சுழலும் அச்சிலிருந்து கால் படும் இடம் 25 சென்டிமீட்டர். அதே அச்சிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் கம்பி மாட்டிய இடம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கொடுக்கும் பலம் ஐந்து மடங்காகும். 30 கிலோ அழுத்தினால் கம்பியில் 150 கிலோ. அதை முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு சிலிண்டர்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 75 கிலோ.

இங்கே ஒரு வேடிக்கை. சிலிண்டர் சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுமா, குறையுமா? பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேராவது பெரிய சிலிண்டர்தான் பலம் என்பார்கள். நிஜம் நேர்மாறு. 19 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டரில் அந்த 75 கிலோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 26 கிலோ அழுத்தம் தரும். 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சிலிண்டரில் அதே 75 கிலோ சுமார் 38 கிலோ தரும். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போலப் பதினெட்டு மடங்கு! பெருவிரலால் குத்தினால் இறங்காத தோலில் ஊசி இறங்குகிறதே, அதே சங்கதி. ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. சிறிய சிலிண்டரில் அதே அளவு எண்ணெயைத் தள்ள அதிக தூரம் அழுத்த வேண்டும். கம்பி 15 மில்லிமீட்டர் நகர, கால் ஏழரை சென்டிமீட்டர் போக வேண்டும். கடைசியில் பெடல் தரையை முட்டிவிட்டால் கணக்கில் வந்த அழுத்தமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

30 கிலோ என்பது நிதானமாக நிறுத்துகிறவரின் கால். எதிரே திடீரென்று ஒரு மாடு வந்தால் யாரும் நிதானமாக அழுத்தமாட்டார்கள். மாணவர் போட்டிகளின் விதி, பிரேக் பெடல் 2,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. 200 கிலோவை ஐந்தால் பெருக்குங்கள். சிலிண்டர் மாட்டிய தகட்டை ஒரு டன் பலம் முன்னால் தள்ளும். அதே நேரம் பெடலின் அச்சைப் பிடித்திருக்கும் தாங்கியை 800 கிலோ பின்னால் இழுக்கும். ஒரே காலடியில் இரண்டு பலங்கள் எதிரெதிராகப் பிய்க்கப் பார்க்கின்றன. சிலிண்டரை ஒரு பக்கத் தகரத்திலும் பெடலை இன்னொரு பக்கத் தரையிலும் மாட்டினால் இரண்டுக்கும் நடுவில் கார் வளையும். அதனால்தான் இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்டுகிறார்கள். அதனால்தான் அது பெட்டி. இழுவையும் தள்ளலும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளும். காரின் உடம்புக்குப் போகாது.

முதல்முறை செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். லேத் பட்டறையில் போய், "அண்ணாச்சி, ரெண்டு எம்.எம். பிளேட் போதும்ல?" என்று கேட்டால், அனுபவஸ்தர் இப்படித்தான் சொல்வார்: "உடையாது தம்பி. ஆனா வளையும்." உடையாமல் இருப்பது ஒன்று, வளையாமல் இருப்பது வேறொன்று. தகடு இரண்டு மில்லிமீட்டர் வளைந்தால், ஐந்து மடங்கு கணக்கில் கால் ஒரு சென்டிமீட்டர் வீணாக உள்ளே போகும். பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். ஓட்டுகிறவர் பிரேக் எண்ணெயில் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து, குழாயைத் திறந்து திறந்து காற்று எடுத்துக்கொண்டே இருப்பார். காற்று இருக்காது. தகடுதான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

எந்த உலோகம் என்பது அடுத்த கேள்வி. அலுமினியம் என்றால் சிவகாசிக்காரர்களுக்கு வேறு முகம் நினைவுக்கு வரும். புஸ்வாணத்தில் வெள்ளியாகச் சொரியும் வெளிச்சத்துக்கும் வெடியின் பளிச்சென்ற மின்னலுக்கும் எரிபொருள் அலுமினியப் பொடிதான். 1984ல் தொடங்கிய சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரே ஓர் உலோகப் பொடி நிறுவனத்தையும் அதன் ஜெர்மன் கூட்டாளியையும் சேர்த்து வந்ததுதான். அதே அலுமினியம் கட்டியாக வந்தால் பெடல் செய்ய அருமையான பொருள். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இரண்டு குணங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பதப்படுத்திய உறுதியான அலுமினியத்தை வெல்டிங் செய்தால், வெந்த இடத்தைச் சுற்றி உறுதி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் முழுக்கட்டியிலிருந்து வெட்டி எடுத்து போல்ட் போட்டு இணைப்பதே நல்லது. இரண்டு, இரும்பு ஓர் அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் முறை அழுத்தினாலும் சலிக்காது. அலுமினியம் அப்படியில்லை, ஒவ்வொரு அழுத்தமும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். வெட்டிய இடத்தில் கூர்மையான மூலையோ கீறலோ இருந்தால் விரிசல் அங்கே பிறக்கும். முதல் கார் கட்டுகிறவருக்கு இரும்பே பத்திரம். இரண்டு கிலோ எடை கூடினால் கூடட்டும், காலையில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெடல் சுழலும் அச்சுக்கு கன்மெட்டல் புஷ் போட்டு, அச்சை இரண்டு பக்கமும் தாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்ட் நாளடைவில் தலை சாயும். நட் எல்லாம் அதிர்வில் கழலாத நைலாக் நட்டாக இருக்க வேண்டும். இதைத் தாண்டிப் பட்டறை வேலையில் பெரிய மர்மம் இல்லை. கட்டிங் கிரைண்டரை எங்கே வைத்து ஓட்டுகிறோம் என்பதை மட்டும் அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்தப் பெட்டியின் இருதயத்துக்கு வருவோம். இரண்டு சிலிண்டர்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பார். வண்டி மாடு பார்த்தவர்களுக்கு ஒரே சொல்லில் விளங்கும்: நுகத்தடி. இரண்டு மாடுகளின் கழுத்திலும் ஒரே தடி. வண்டியின் ஏர்க்காலை நடுவில் கட்டினால் சுமை சரிபாதி. வலுவான மாட்டின் பக்கம் கட்டை நகர்த்தினால் அந்த மாட்டுக்குச் சுமை கூடும். பேலன்ஸ் பாரும் அப்படித்தான். தடியின் நடுவில் பெடல் தள்ளுகிறது, இரண்டு முனைகளும் இரண்டு சிலிண்டர்களைத் தள்ளுகின்றன. தள்ளும் இடத்தைத் திருகி நகர்த்தினால் முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் மாற்ற வேண்டும்? டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் போய்ச் சாய்கிறோம் அல்லவா? காரின் எடையும் அப்படி முன்னால் சாய்கிறது. முன்சக்கரம் தரையை அமுக்கிப் பிடிக்கும், பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுத்தால் அது முதலில் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் காரின் பின்பாகம் முன்னால் வரப் பார்க்கும், வண்டி பம்பரம்தான். முன்சக்கரம் முதலில் பூட்டினால் திருப்ப முடியாது, ஆனால் நேராகவாவது போகும். இரண்டு கெட்டதில் எது பரவாயில்லையோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நுகத்தடிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது எப்போதும் தேவைப்படாத வேலை. முன்சக்கரத்துக்குப் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் பக்கச் சிலிண்டரில் எதிர்ப்பு இருக்காது. தடி அந்தப் பக்கமாகச் சாயும். ஓர் அளவுக்குச் சாய்ந்ததும் எதிலாவது முட்டி நிற்க வேண்டும். நின்றால்தான் மீதி பலம் முழுக்கப் பின்சக்கரச் சிலிண்டருக்குப் போகும், வண்டி எப்படியாவது நிற்கும். தடியின் முனைகளை ஆட்டமே இல்லாமல் இறுக்கி மாட்டியிருந்தால் அது சாய முடியாமல் திருகிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். "ஒரு ஆட்டம்கூட இல்லாம டைட்டா வச்சிருக்கேன்" என்று பெருமைப்படுவது இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆபத்து. சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

இதே யோசனையைப் பட்டாசு ஆலையின் வரைபடத்திலும் பார்க்கலாம். ஒரே பெரிய கட்டடமாகக் கட்டாமல், வயல் நடுவே தீப்பெட்டிகளை இறைத்த மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் இடையே இவ்வளவு தூரம் என்று விதி. வேலை செய்யும் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓடித் தப்பிக்க வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள். விபத்தே நடக்காது என்று அந்த வரைபடம் நம்பவில்லை. நடந்தால் ஓர் அறையோடு போகட்டும் என்றுதான் கணக்குப் போடுகிறது. அறைகள் இருந்தும் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும் நாட்கள் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் இறந்தவர்கள் நாற்பது பேரை ஒட்டி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்தப் பக்கத்து வீடுகளில் வேலைக்குப் போன ஆள் திரும்பி வரும்வரை ஒரு காது வாசலிலேயே இருக்கும்.

வீட்டில் கட்டும் காரிலும் பெயருக்கு இரண்டாகப் பிரிப்பது நடக்கிறது. சிலிண்டர் இரண்டு, குழாய் இரண்டு. ஆனால் எண்ணெய் ஊற்றும் டப்பா ஒன்றே ஒன்று, நடுவில் தடுப்புச் சுவர் இல்லாமல். ஒரு பக்கம் ஒழுகினால் டப்பா முழுக்கக் காலியாகும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பிரேக்கும் போகும். தனித்தனி டப்பாவோ, நடுவில் சுவர் வைத்த டப்பாவோ வாங்க ஆகும் கூடுதல் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குப் பக்கம்.

எண்ணெய் என்று சொன்னாலும் அது உண்மையில் எண்ணெய் அல்ல. பிரேக் ஃப்ளூயிடுக்குப் பதில் வேறு எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். ஃப்ளூயிட் பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட் உரியும். காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருப்பது அதன் இன்னொரு கெட்ட பழக்கம். டாட் 4 ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்பது அதன் தரக்கணக்கு. ஈரம் சேர்ந்த பிறகு அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பிரேக் சூட்டில் ஃப்ளூயிட் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் திடீரென்று தரை வரை போகும். பழைய ஃப்ளூயிடை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் இது பொருந்தும்.

இத்தனை கணக்கும் போட்ட பிறகு, உலோகத்தை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது அட்டை வேலை. அட்டைக்குச் சிவகாசியில் பஞ்சமா? தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் வரும் டூப்ளெக்ஸ் அட்டையில் மூன்று பெடல்களை வெட்டி, பலகையில் குத்தி நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நீண்ட காலுக்குப் பலம் மிச்சமிருக்காது. வலது காலால் பிரேக்கை அழுத்தியபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்ட முடிகிறதா என்று பந்தயக்காரர்கள் பார்ப்பார்கள். அதற்கு, பிரேக் அழுந்திய நிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து, சீட்டில் உட்கார்ந்தபடி உதைத்தால் உங்கள் கால் எத்தனை கிலோ தரும் என்பதும் தெரிந்துவிடும். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் உதைத்துப் பார்த்தால் யாருக்குப் பலம் என்ற பழைய சண்டையும் தீரும்.

பெடலைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது என்று மேலே சொன்னது முழுக்கச் சரியில்லை. 1997ல் ஒருவருக்குத் தோன்றியது. டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மெக்லாரன் கார்கள் வளைவைத் தாண்டி வேகமெடுக்கும் இடத்தில்கூட பின்சக்கர பிரேக் சிவந்து ஒளிர்வதைப் படத்தில் கவனித்தார். வேகமெடுக்கும்போது யார் பிரேக் போடுவார்கள்? ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் மெக்லாரன் கார்கள் பழுதாகி நின்றபோது கேமராவை ஓட்டுநரின் காலடிக்குள் விட்டுப் படமெடுத்தார். உள்ளே கூடுதலாக ஒரு பிரேக் பெடல்! பின்சக்கரங்களில் ஒன்றுக்கு மட்டும் பிரேக் கொடுத்து, காரை வளைவுக்குள் திருப்புகிற தந்திரம் அது. 1998 சீசன் தொடக்கத்திலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. கோடிகள் புரளும் பந்தயத்தில் எல்லோரும் என்ஜினையும் இறக்கையையும் வேவு பார்த்துக்கொண்டிருக்க, ரகசியம் காலடியில் கிடந்திருக்கிறது.

ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு பிரேக்கின் குணம் எதுவும் கூடாது. அது இலகுவாக இருக்க வேண்டும், விட்டால் உடனே திரும்ப வேண்டும். அதற்காகத் தனித்தனியாக இரண்டு ஸ்பிரிங் போடுவார்கள். ஒன்று அறுந்தால் மற்றது இழுத்துக்கொள்ளும். பெடல் முழுக்க அழுந்தியதும் கால் போய் ஒரு தடுப்பில் முட்ட வேண்டும். இல்லாவிட்டால் காலின் பலம் முழுக்க அந்த மெல்லிய கேபிளில் இறங்கும்.

திரும்பாத ஆக்ஸிலரேட்டர் என்ன செய்யும் என்பதற்கு வீட்டில் கட்டிய காரைத் தேட வேண்டியதில்லை. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் காரில் போன நான்கு பேர் இறந்தார்கள். காலடியில் போட்டிருந்த, அந்தக் காருக்குப் பொருந்தாத மேட் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து டொயோட்டா லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்க அரசுக்கு 2014ல் 120 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. தொடங்கியது ஒரு மேட்டில்.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் கட்டப்போகாதவர்களும் இன்றைக்கு ஒரு நிமிஷம் தங்கள் காரின் காலடியைப் பார்க்கலாம். மேட் மேல் மேட் போட்டிருக்கிறதா? சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருளுகிறதா? அது பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சேர ஒரு வேகத்தடை போதும். என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள்; பெடல் கெட்டியாகும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. என்ஜின் ஓடாமல் இருக்கும்போது ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருந்தும் பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால், எங்கோ கசிகிறது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய்விட வேண்டும்.

வீட்டில் கட்டிய காரை விருதுநகர் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால், சட்டம் விடாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126வது விதிப்படி, ஒரு வாகனத்தின் மாதிரி அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேறினால்தான் அது ரோட்டுக்கு வரலாம். பெரிய நிறுவனத்துக்குச் சாத்தியமான அந்தச் செலவு ஒற்றை ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஜி.டி.நாயுடு 1952ல் இரண்டாயிரம் ரூபாயில் செய்துகாட்டிய இரண்டு இருக்கை காருக்கே அரசு அனுமதி கிடைக்கவில்லை என்று கோவையில் இன்றும் ஆதங்கத்தோடு சொல்வார்கள். ஆதங்கம் நியாயம்தான். ஆனால் பேலன்ஸ் பார் எப்படிச் சாயும் என்று தெரியாமல் ஒருவர் கட்டிய கார், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நம் தெருவுக்குள் வருவதை நினைத்துப் பார்த்தால், சட்டத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

எனவே அந்தக் கார்களுக்குப் போக்கிடம் செட்டிபாளையம் மாதிரியான தடம்தான். அங்கேயும் சும்மா விடுவதில்லை. மாணவர் போட்டிகளில் கார் தடத்தில் ஓடுவதற்கு முன் தேற வேண்டிய சோதனைகளில் பிரேக் சோதனை ஒன்று. பெடலுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரேக் போய்ப் பெடல் அளவுக்கு மீறி உள்ளே இறங்கினால் அது என்ஜினை அணைத்துவிட வேண்டும். பிறகு ஓட்டுநர் வேகமெடுத்து வந்து ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு வழுக்க வேண்டும். மூன்று பூட்டி ஒன்று உருண்டாலும் தோல்வி.

மாதக்கணக்கில் தூங்காமல் கட்டிய காரைத் தள்ளிக்கொண்டு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். கார் கிளம்பும், மிதி விழும், ரப்பர் கருகும் வாசனை வரும். புகை அடங்கியதும் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள், கருப்புக் கோடு எத்தனை என்று. குறைந்தால் காரை ஓரமாகத் தள்ளிப்போய், ஒரு மாணவர் ஸ்பேனரோடு காலடிச் சந்துக்குள் தலையை விடுவார். நுகத்தடியை ஒரு சுற்றுத் திருகிவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பார்கள்.